உள்ளே இரண்டு பேர் மட்டும்

கம்பம்,
16.9.2020

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையில் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் ஜெபம். போனில் என்னைப் பேச விடமாட்டாய் என்பதால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவன்.

கொரோனா முடியும்வரை விற்க வேண்டுமென்று வீட்டை யாருக்கும் காட்டாதீர்கள் என்றாய். பக்கத்து ரைஸ்மில் இப்போது சும்மா கிடக்கிறது, அறுப்பு முடிந்து நெல் வந்தால் ஓட ஆரம்பித்துவிடும், போன வருஷம் தவிட்டுத் தூசியில் அம்மா மூச்சுக்குத் திணறியதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதற்குள் இந்த வீட்டை விற்று, தூசியில்லாத சுருளிப்பட்டிக்குக் குடிபோயே தீருவது. முதலில் வீடு பார்க்க ஒரு வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த வாய் "முன்னால போங்க, உள்ள எடம் கெடக்கு" என்றுவிட்டது. ஒன்பது பேரும் அடுப்படியில். அப்புறம் பத்து நாள் அம்மா தும்மினால் எனக்கு உயிர் போய் வந்தது.

இப்போது சட்டம் வேறு. ஆள் வருமுன் அம்மா எதிர்வீட்டு அனுசுயாவின் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். கதவு, சன்னல் எல்லாம் திறந்து லைட்டும் போட்டுவிடுகிறேன், யாரும் எதையும் தொட வேண்டாம். வாசலில் சோப்பும் தண்ணீரும், உள்ளே இரண்டு பேர், கேட்டில் வாயை மூடிக்கொண்டு நான். காபி கொடுக்காவிட்டால் விற்க மனசில்லை என்று நினைப்பார்களே, அதனால் போகும்போது ஆளுக்கொரு வாழைப்பழம்.

அந்த மில்லுக்கே லாரி ஓட்டும் முத்துராமலிங்கத்துக்கு வீடு பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை பேசி முடிக்க அண்ணனோடு வந்தார், அண்ணன் இருமிக்கொண்டே இறங்கினார். கேட்டைப் பூட்டிவிட்டேன். "தூசிக்கு இருமுனா நோயாய்யா, வந்தவுகள ரோட்டுல நிப்பாட்டுறீகளே" என்று முத்துராமலிங்கம் கத்திவிட்டுப் போனார். "ஒத்த ஆளு வந்துச்சு, அதையும் வெரட்டிட்டீக" என்று அம்மாவும் முகம் கொடுக்கவில்லை. நேற்று அவரே போன் செய்தார், அண்ணனுக்குக் கொரோனாவாம், தேறி வருகிறாராம். "வீட்ட வேற யாருக்கும் குடுத்துறாதீக" என்றார், பதினாலு நாள் கழித்து வாருங்கள் என்றேன். அதற்குள் மில் ஓடினால் அம்மாவைச் சின்னமனூர்ச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே இருப்பேன். அவர் வராவிட்டால் வேறு ஆளுக்குக் காட்டுவேன்.

சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போ ஆத்தா, அந்தக் கவச உடுப்பைக் கழற்றும்போது அவசரப்படாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். லீவுக்கு வரும்போது பழக்கத்தில் கம்பத்தில் இறங்கிவிடாதே, சுருளிப்பட்டிக்கு டிக்கெட் எடு.

இப்படிக்கு, கேட்டில் நிற்கும் உன் அப்பா,
மரிய ஜோசப்