இரண்டு நிமிட வேலை

வியாழக்கிழமை

சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

எங்கள் பனியன் கம்பெனி வெப்சைட்டில் பச்சையை நீலமாக்கச் சொன்னார் முதலாளி. மொத்தம் அறுபது பக்கம். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த செந்தில் அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். ஒரு நிறம் மாற்ற ஒரு வாரம் எடுப்பார். அப்போதும் நாலு பக்கம் விட்டுப்போகும். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் ஸ்டைல் ஷீட் என்ற ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தேன்; எல்லாப் பக்கமும் அதைப் பார்த்தே நிறம் எடுத்துக்கொள்ளும். இன்று அதில் ஒரு வரியைத் திருத்தினேன். அறுபது பக்கமும் நீலமாகிவிட்டது.

முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, ரெண்டு நிமிசத்துல முடியற வேலைதானா இது? அப்ப ரெண்டு மாசமா என்ன பண்ணீட்டு இருந்தே? செந்திலு பாவம், சோறு தண்ணி இல்லாம உழைச்சான்."

துணி வெட்டும் கட்டிங் பிரிவில் ஒரே பேட்டர்ன் அட்டையை அளவாக வைத்துத்தான் இவருக்கு நூறு பீஸ் வெட்டுகிறார்கள். அந்த அட்டையைப் போட்ட மாஸ்டரிடம் இப்படிக் கேட்பாரா? நானோ "சரிங்க" என்றேன். அந்தச் சரிங்கதான் இப்போது எரிகிறது.

மாலையில் மறுபடி வந்து, நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்றார்.

"ஒரு வாரம் ஆகுமுங்க" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நிதானமா செய்யி கண்ணு. இப்பத்தான் வேலை பண்ற மாதிரி தெரியுது."