ஞானம் மாமாவுக்குக் கைதட்டியவர்கள்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
ஜனவரி 22, 1989

அன்புள்ள ரூஃபஸ் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் ஜெயலீலா எழுதுவது.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிளட்டூனில் மிச்சமிருக்கிற எல்லோரையும் காப்பாராக. இது அம்மா எழுதச் சொன்ன வரி. 'மிச்சமிருக்கிற' என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

இங்கே முழங்கால் அளவு பனி. அப்பாவின் கார் காலையில் கிளம்புவதில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்களுக்குக் கிடைத்த லீவை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகவும், ஞானம் மாமாவுக்குக் கண்ணிவெடி வைத்தவனைப் பிடிக்காமல் இலங்கையின் வன்னிக் காட்டை விட்டு வரமாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்களே, அன்றிலிருந்து அப்படித்தான். படித்துவிட்டு அம்மா அழுதாள். நான் அழவில்லை. நீங்கள் செய்வது சரி என்றுதான் நினைத்தேன். உங்கள் பிளட்டூன் சிநேகிதராக லீவில் பாளையங்கோட்டைக்கு உங்களோடு வந்து தங்கியபோது எனக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்தவரை ஒருவன் கொன்றிருக்கிறான். அவனைச் சும்மா விடலாமா?

எனக்கும் இங்கே பழிவாங்க ஓர் ஆள் இருந்தார். பத்மநாபன் அங்கிள். நல்ல வேலை, பெரிய வீடு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களைக் கூட்டி விழா நடத்துபவர். போன மாதம் பக்கத்து ஊர் ஐசலினில் மளிகைக் கடையில் அவரைப் பார்த்தோம். தம்பியோடு இருந்த சிப்பாய் ஒருவர் இறந்துவிட்டார் என்று, பெயர் சொல்லாமல், அம்மா ஞானம் மாமா செய்தியைச் சொன்னாள். அவர் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே, "அங்க வரச் சொல்லி இவங்கள யாரு இன்வைட் பண்ணா? நம்ம பசங்க இருக்கற காட்டுக்குள்ள போனா வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்" என்றார். உங்களை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களைத்தான் அவர் 'நம்ம பசங்க' என்பார். அம்மா கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இவரை விடுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

போன சனிக்கிழமை பொங்கல் விழா. இங்கே பிள்ளைகள் மேடையில் பேச வேண்டிய தமிழை அம்மாக்கள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பார்கள், பெரியவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். எனக்குத் தமிழ் எழுத்தே வாசிக்க வரும் என்பதால், "நீ எது வேணா பேசும்மா, கிளாப்ஸ் கேரண்டி" என்று பத்மநாபன் அங்கிள் சொல்லியிருந்தார்.

காட்டில் சில பையன்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். யாருடைய பையன்கள் என்று சொல்லவில்லை. எல்லாம் நீங்கள் எழுதியதுதான். ஒருவர் கால் தடத்திலேயே அடுத்தவர் கால் வைத்து நடப்பது. நாள்கணக்கில் பூட்ஸ் கழற்றாமல் விரலிடுக்கில் தோல் உரிவது. குளத்துத் தண்ணீரைக் கைக்குட்டையில் வடிகட்டிக் குடிப்பது. சத்தமில்லாமல் எழுப்புவதற்காக இருவர் மணிக்கட்டிலும் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு மழையில் தூங்குவது. இருட்டியதும் ஞானம் வாயாலேயே மீன் குழம்பு வைப்பதையும், மாங்காய் போடுவதா கூடாதா என்று பிளட்டூனே கிசுகிசுப்பாகச் சண்டை போடுவதையும் சொன்னபோது, கூட்டத்தில் ஒருவர் "மாங்காய் இல்லாம எப்டி?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அந்தக் காலையைச் சொன்னேன். காய்ச்சலில் இருந்த நண்பனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு ஞானம் முன்னால் நடந்ததை. நண்பன் நீங்கள் என்று சொல்லவில்லை.

ஹாலே அழுதது, மாமா. ஸ்வர்ணா ஆன்ட்டி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கணவர் பத்மநாபன் அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார். கன்னமெல்லாம் ஈரம். மைக்கைப் பிடித்து, "நம்ம பசங்க தியாகத்த இந்தக் குழந்த எப்டி ஃபீல் பண்ணிப் பேசிருக்கா பாருங்க" என்றார். இதற்காகத்தான் காத்திருந்தேன். மைக்கை வாங்கி, "ஞானம் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர், அங்கிள். இந்தியச் சிப்பாய். வாங்கிக் கட்டிக்கட்டும்னு கடையில சொன்னீங்களே, அவர்தான்" என்றேன்.

கைதட்டிய கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்வர்ணா ஆன்ட்டி, "பிள்ளையாடி நீ?" என்றார். நாங்கள் சாப்பிடாமலே கிளம்பினோம். காரில் ஏறியபோது பத்மநாபன் அங்கிள் கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி வந்து, "ஞானத்துக்கு அம்மா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "இருக்காங்க. அதுக்கு இப்ப என்ன?" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

எனக்கு வருத்தம் இல்லை. மறுபடி சந்தர்ப்பம் கிடைத்தாலும் இதையே செய்வேன். ஆனால் அவர் அழுதது பொய் இல்லை, மாமா. பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தப் பக்கத்துப் பையன் என்று தெரியாதவரை அவர் ஞானம் மாமாவுக்காக நிஜமாகவே அழுதார். அதை நினைத்தால் இன்னும் கோபமாக வருகிறது. கோபம் யார் மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

அந்த ஆளைக் கண்டுபிடித்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வயது போதாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞானம் மாமாவுக்காக நான் ஒருவரை நூறு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். அதை நம் இருவருக்கும் சேர்த்துச் செய்ததாக வைத்துக்கொள்ளக் கூடாதா? அடுத்த லீவு உங்கள் முறை. யாருக்கும் கொடுக்காதீர்கள். அன்று உங்களுக்கு வந்த மாதிரிக் காய்ச்சல் யாருக்கும் வரும், மாமா.

நீங்கள் கால் வைக்கும் இடத்தையெல்லாம் கர்த்தர் உங்களுக்கு முன்னே போய்ப் பார்த்து வைப்பாராக. இந்த வரியை அம்மா சொல்லவில்லை.

உங்கள்
ஜெயலீலா