ஒரே வீட்டில் இருப்பவள் சாட்சி

1998, சித்திரை, செவ்வாய் இரவு.

"ரெண்டு பேரும் நிஜமாவே குடும்பம் நடத்துறாங்களா டீச்சர்?" என்று பக்கத்து வீட்டம்மா முன்பு கேட்டாள். கிரிவலம் வந்த இடத்தில் என் மகளை மணந்து, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட வெள்ளைக்கார மருமகன். இப்போது அவர் நாட்டுக்கு அவளை மனைவியாக அழைத்துப்போக விசா கேட்டால், தூதரகமும் அதையேதான் கேட்கிறது. நான் சாட்சி எழுத வேண்டுமாம்.

மின்விசிறிக்காக இருவருக்கும் தினமும் நடக்கும் சண்டையை எழுதினேன்.

"சண்டையைப் போய் எழுதுவாங்களாம்மா?" என்றாள் மகள்.

"சண்டை போடாதவங்கள யாருடி புருஷன் பொண்டாட்டின்னு நம்புவாங்க?"

மருமகன் சிரித்தார்.

உதாரணம் கூடக் கூட விசா சீக்கிரம் வரும், வீடும் காலியாகும். தெரிந்தே இன்னும் இரண்டு சேர்த்தேன்.

நாளை மனு கொடுக்க இருவரும் சென்னைக்குப் போகிறார்கள். எனக்கு ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்து பார்க்க வேண்டும்.