மார்ஃபினுக்கு எதிராக வாங்கிய சத்தியம்

என் ஆசை அத்தானுக்கு,

அங்கே உங்களுக்கு வலி இல்லை என்று பாதிரியார் சொன்னார். நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நம் மகள் ஜின்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு உங்களுடையது, பிடிவாதமும் உங்களுடையதுதான். உங்கள் மீன்பிடி வள்ளத்தை இப்போது உங்கள் தம்பி பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நர்ஸ் ஷைலாவைப் பற்றி.

அவளை எனக்கு அன்றும் பிடிக்காது, நீங்கள் போய் நான்கு வருடமான பிறகும் பிடிக்கவில்லை. புற்றுநோய் உங்கள் முதுகெலும்புக்கு இறங்கிய பிறகு, வீடு தேடி வந்து வலிக்கு வைத்தியம் பார்க்கிறவர்களின் ஜீப்பில் வியாழன்தோறும் இரணியலிலிருந்து வருவாள். காலையிலிருந்து கஞ்சியை வைத்துக்கொண்டு நான் கெஞ்சுவேன், வாய் திறக்க மாட்டீர்கள். தெருமுனையில் ஹார்ன் கேட்டால் போதும், "ஏட்டி, சட்டையப் போட்டு விடு" என்பீர்கள். இருபத்தாறு வருடத்தில் எனக்காக ஒருநாள் சட்டை மாற்றியதுண்டா?

அவளைவிட அவள் தந்த மார்ஃபின் மாத்திரைமேல்தான் எனக்கு எரிச்சல். நான் எவ்வளவு தடவியும் அடங்காத வலி அதற்கு அடங்கியது. ஆனால் இரண்டு மாதத்தில் அந்த அளவு போதவில்லை. "இன்னொண்ணு கூடத் தாட்டி, எலும்பெல்லாம் கொடையுது" என்று கெஞ்சினீர்கள். முன்பு சாராயத்துக்கும் அதே குரலில்தான் கெஞ்சினீர்கள்.

ஊரறியக் கோயிலில் சிலுவையைத் தொட்டுக் குடியை விட்டவர் நீங்கள். கடியப்பட்டணத்துப் பெண்கள் என்னைக் காட்டி, "புருசன மீட்டவ" என்பார்கள். ஒன்பது வருடம் அந்தப் பெருமையில்தான் நடந்தேன். அதை ஒரு மாத்திரைக்கு விட்டுக்கொடுப்பேனா? சுவரிலிருந்த, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி உங்கள் கையில் வைத்தேன்.

"இனி இந்த மாத்திர வேண்டாமுன்னு சத்தியம் பண்ணுங்க."

என் முகத்தையே பார்த்தீர்கள். "ஒனக்கு அதுதான் வேணுமா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். சத்தியம் செய்துவிட்டீர்கள்.

மூன்று நாள். வேர்த்துக் கொட்டியது. ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், கைகால் உதறல். குடியை விட்ட வாரத்திலும் உதறியதே, அப்படியானால் இதுவும் அடிமைத்தனம்தான் என்று முடிவு கட்டினேன். நீங்கள் தலையணையைக் கடித்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்படி முடிந்தது என்னால்?

வியாழனன்று வந்த ஷைலா, மாத்திரைகள் அப்படியே இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "நானாத்தான் நிறுத்துனேன் சிஸ்டர். இவ தாரேன்னுதான் சொன்னா." அப்புறம் அவள் கையைப் பிடித்து அழுதீர்கள். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். என் கை பக்கத்தில்தானே இருந்தது?

கட்டிலில் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். "அக்கா, இந்த மருந்து போய் உக்காருறதுக்கு நரம்புல எடம் உண்டு. அங்கன உக்காந்தாத்தான் வலி அடங்கும். நாள்பட்டா அந்த எடமெல்லாம் மருந்துக்குப் பழகி மந்தமாயிரும். அந்த எடத்துல கொஞ்சத்த நரம்பே உள்ள இழுத்துக்கிடும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மணிச்சத்தம் ஒறைக்காதுல்லா, அது மாதிரி. அப்போ அளவக் கூட்டணும். திடீர்னு நிறுத்துனா பழகுன ஒடம்பு கெடந்து தவிக்கும். இந்த வேர்வையும் கொட்டாவியும் அதுதான். குடிகாரன் போதைக்குக் கேப்பான். இவரு வலி தாங்காமக் கேக்காரு, பாத்துக்கிடுங்க."

டாக்டரைக் கேட்டு அளவைச் சரி செய்தாள். மறுநாள் என் கையால் கஞ்சி குடித்தீர்கள். அதன்பின் இருந்த ஏழு வாரமும் என்னோடு பேசினீர்கள், உப்புக் குறைவென்று சண்டையும் போட்டீர்கள். உங்களை எங்கேயும் மாத்திரை தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து, நோயாளி வீட்டுக்காரர்களுக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஷைலா மைக்கைப் பிடித்து, பெயர் சொல்லாமல் உங்கள் கதையைச் சொன்னாள். "அடிமையாயிருவோமோன்னு பயந்து தானாவே நிறுத்தி, அந்த மனுசன் பட்ட பாடு!" என்று கண் கலங்கினாள். பின்வரிசையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனுக்காக இவள் ஏன் கலங்க வேண்டும்? நீங்கள் பயந்தவரா? அந்த மூன்று நாளும் நான் கேட்டேன் என்பதற்காகத் தாங்கினீர்கள். அது தெரியாமல் நான்கு வருடமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வரும்போது ஒருத்தி என் காதருகே வந்தாள். "நானும் எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரயக் கொறச்சுத்தான் குடுக்கேன்க்கா. நீங்க குடியையே விட வெச்சவங்கல்லா, நான் செய்யது சரிதானே?" என்றாள். ஷைலா பேசியதைக் கேட்ட பிறகும் என்னிடம் கேட்கிறாள். செருப்பைத் தேடுவதுபோல் நகர்ந்துவிட்டேன். வீடு வந்தபின் அழுதேன்.

அத்தான், நாளைக் காலையில் முதலில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், மாத்திரையைக் குறைக்காதே என்று சொல்கிறேன். வியாழனன்று ஊருக்கு வரும் ஷைலாவிடம் உண்மையைச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதே மைக்கில், சத்தியம் வாங்கியது நான் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். புருஷனை மீட்டவள் என்ற பேர் அன்றோடு போகும், போகட்டும். நீங்கள் யாருக்காக அப்படித் துடித்தீர்கள் என்று அந்த ஷைலாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்களை எவளுக்கும் விட்டுத்தராத
உங்கள் பொண்டாட்டி,
ரெஜினா