பின்னால் நிற்கச் சொன்னாயே, அருள் அண்ணா

என் முரட்டு அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கரண்ட் உண்டா? டிவி உண்டா? கேட்கக் காரணம் இருக்கிறது. நாம் டிவியில் ஆடிய சண்டை விளையாட்டை நான் மறுபடியும் கண்டுபிடித்துவிட்டேன். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கிற பிரவுசிங் சென்டரில், மத்தியானம் ஆள் வராத நேரமாகப் பார்த்துத் தேடி இறக்கினேன். அதே கோட்டை, அதே கறுப்புக் குதிரை, அதே முரசுச் சத்தம்.

ஒரே வித்தியாசம், இது இங்கிலீஷில் இருக்கிறது. நீ பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கி வந்த திருட்டு சிடி ஜப்பான் பாஷை. ஒரு எழுத்தும் புரியாமல்தான் நாம் அத்தனை தலைகளையும் வெட்டினோம். வாள் படம் போட்ட வரி வந்தால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் நம் படிப்பு. கதையையெல்லாம் நீயே கட்டிவிட்டாய். ஈட்டிக்காரன் நீ, கோடாலிக்காரன் உன்னோடு வள்ளத்தில் வருகிற மிக்கேல் அண்ணன், வெள்ளை அங்கி போட்டுக் காயம் ஆற்றுகிற வைத்தியக்காரி நான். கறுப்புக் குதிரையில் வருகிற எதிரித் தலைவன் தலையில் சிவப்புத் துணி இருந்ததால் அவனுக்கு சூசை டிரைவர் என்று பேர் வைத்தாய். நம் கரையில் விசைப்படகு ஓட்டுகிற சூசையும் எந்நேரமும் சிவப்புத் துண்டோடுதானே திரிவான்.

அவன் செத்து விழும்போது நீ போடுகிற கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள்.

"ஏலே, யாரைலே கொல்லுறீக?"

"சூசையத்தாம்மா. இன்னிக்கு இது ரெண்டாவது தடவ."

அந்த விளையாட்டு உனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. நம் ஆட்கள் ஒருமுறை நகர வேண்டும், பிறகு அவர்கள் நகர வேண்டும். முறை தப்பி யாரும் கை வைக்க முடியாது. நம் கடலிலும் அதுதானே பேச்சு? வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. நம் நாளில் அவர்கள் இறங்கினால் அந்த இழுவலை நம் நண்டுவலையை வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடும். கடலில் முறையை மீறுகிறவனைத் தடுக்க ஆள் இல்லை. விளையாட்டில் மீறவே முடியாது. அதனால்தான் நீ கடலிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாய்.

அதில் செத்த ஆள் செத்ததுதான், திரும்பி வர மாட்டான். உன்னால் அதைத் தாங்க முடியாது. ஒரு சாதாரண வில்லாளி செத்தால்கூட சுவிட்சை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாய். என்னைக் கேட்கவே வேண்டாம். "ஏ பிள்ள, நீ பின்னாலயே நில்லு. அவன் பக்கத்துல போகாத, ஒரே வெட்டுல போயிருவ." எத்தனை சண்டை வந்தாலும் வைத்தியக்காரி கடைசி வரிசையில் மரத்தடியில்தான் நின்றாள்.

அண்ணா, அந்தக் காலையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் எங்கே சொல்லி ஆற்றுவது? நம் நாளில் சூசை படகை இறக்கினான். நம் வலைகள் போவதைப் பார்த்து நீயும் மிக்கேல் அண்ணனும் வள்ளத்தை நேரே அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அவர்கள் ஐஸ் உடைக்கிற கம்பியை வீசினார்கள். நீங்கள் ஈயக்குண்டை வீசினீர்கள். அவர்கள் கண்ணாடி நொறுங்கி ஒருவன் முகமெல்லாம் ரத்தம். கம்பி பட்டு மிக்கேல் அண்ணன் மண்டை பிளந்து விழுந்தார். அதற்குப் பிறகு சூசை படகைத் திருப்பி வள்ளத்தின் நடுவில் ஏற்றினான். தூரத்தில் இருந்த நம் ஆட்கள் வந்து சேர்ந்தபோது வள்ளம் பலகை பலகையாக மிதந்துகொண்டிருந்தது. ஒரு பலகையில் மிக்கேல் அண்ணன் நினைவில்லாமல் கிடந்தார். நீ இல்லை. சூசையோடு படகில் இருந்தவர்கள் அதோடு கேரளாப் பக்கம் போனவர்கள்தான், திரும்பி வரவே இல்லை.

பலகை காற்றிலும் நீரோட்டத்திலும் எவ்வளவு தூரம் வந்ததோ, யாருக்குத் தெரியும்? தனுஷ்கோடியிலிருந்து திருப்பாலைக்குடி வரை கரை கரையாகத் தேடினோம். நீ கிடைக்கவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மா உனக்காக வெறும் மணலில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறாள். சிலுவை நடச் சொன்னால், "உள்ள யாரு இருக்கான்னு நட?" என்கிறாள்.

அதற்குப் பிறகும் முறை வைத்துத்தான் நடந்தது. நம் ஆட்கள் சூசையின் படகைக் கரையில் வைத்தே கொளுத்தினார்கள். டீசல் டாங்க் வெடித்ததில் அவன் மச்சினனின் இரண்டு கையும் வெந்துபோனது. அவர்கள் வந்து அப்பாவை வாசலில் போட்டு முழங்காலில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சூசை ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தான், மிக்கேல் அண்ணன் அவன் தோளில் வெட்டினார், பிறகு அவர் ஜெயிலுக்குப் போய் வந்தார். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வெட்டு இன்னும் கொஞ்சம் மேலே கழுத்தில் விழுந்திருக்கக் கூடாதா என்று மாதாவிடமே கேட்டேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் அதே கோட்டைச் சண்டைக்கு வந்து சேர்ந்தேன். நீ பக்கத்தில் இல்லாததால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வைத்தியக்காரியை மரத்தடியிலிருந்து கிளப்பி நேராகக் கறுப்புக் குதிரைக்காரன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போது நாம் பார்க்காத ஒரு வரி திரையில் வந்தது. பேசு என்று.

ஆமாம் அண்ணா, அவனோடு பேசலாமாம். வேறு யார் போனாலும் அந்த வரி வராது, வைத்தியக்காரி போனால் மட்டும்தான் வரும். பேசினேன். கோட்டைக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிட்டான். நாம் ஒவ்வொரு தடவையும் அவனைக் குத்திச் சாய்த்துவிட்டு, முன்வாசலில் மோதி மோதி ஆட்களைப் பலி கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

அவன் நம் பக்கம் வந்துவிட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைத் தன்னந்தனியாக முன்னால் தள்ளி, அவனுடைய ஆட்களே அவனை வெட்டிக் கூறுபோடும்படி விட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு ஆறவே இல்லை. அழுதுகொண்டே கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நாளைக்குக் காலையில் கோயில் வளாகத்தில் சமாதானப் பேச்சு. இரண்டு தரப்பும் உட்காரப் போகிறார்கள். சூசையும் வருகிறான். பெண்களை உள்ளே விடமாட்டார்கள், வழக்கம்போல வேப்பமரத்தடியில்தான் நிற்க வேண்டும். நேற்று வலைக் கொட்டகையில் நண்டுவலைக்கு அடியில் அரிவாளைப் பார்த்தேன். புதுசாகச் சாணை பிடித்திருந்தது. மிக்கேல் அண்ணனிடம் நேரே போய்க் கேட்டேன்.

"நாளைக்குச் சூசைய வெட்டப் போறியா?"

"ஒனக்கு எதுக்கு? ஒன் வேலயப் பாரு."

"வெட்டுனா வெட்டிக்க. நான் கேட்டு முடிச்சப்புறம் வெட்டு."

"என்னத்தக் கேக்கப் போற?"

"அண்ணன எங்கன விட்டான்னு. அவன் படகுலதான ஜிபிஎஸ் இருந்துச்சு, அந்த எடம் அவனுக்குத்தான தெரியும்? அண்ணன் தண்ணிக்குள்ள போறப்ப உசுரோட இருந்தானான்னு கேக்கணும். இத்தன வருசம் அடிச்சீக, வெட்டுனீக, எரிச்சீக. ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

உன் கோடாலிக்காரன் அப்படியே வலை மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தழும்பு மண்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு, "சொல்லலன்னா?" என்றார். அரிவாளைக் கொடு என்றேன், கொடுக்கவில்லை. நான் கேட்டு முடிக்கும்வரை கை வைக்க மாட்டேன் என்று அம்மா தலையில் சத்தியம் செய்திருக்கிறார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவனை நான் மன்னிக்கவில்லை. என்னை யாரும் அப்படிச் சொல்லிப் பாராட்டவும் வேண்டாம். உன் கடைசி நிமிஷம் அவனிடம் இருக்கிறது, அது எனக்கு வேண்டும். அவன் செத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். விளையாட்டில் என்றால் அணைத்துவிட்டு மறுபடி கேட்கலாம்.

ஆகையால் அண்ணா, கோபப்படாதே. நாளைக்கு நான் மரத்தடியில் நிற்க மாட்டேன். அத்தனை ஆம்பிளைகளையும் விலக்கிக்கொண்டு அந்தச் சிவப்புத் துண்டுக்காரன் பக்கத்தில் போய் நிற்பேன். அவன் சொன்னால், அந்த இடத்துக்கு வள்ளம் எடுத்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். மெழுகுவர்த்தியை அணையாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

முன்வரிசைக்கு வந்துவிட்ட
உன் வைத்தியக்காரி,
தங்கச்சி ரீட்டா