மீன் கொண்டு வர்றவங்க

ஆதம்பாக்கம்
2.6.2025

அன்புள்ள தேசுவுக்கு,

மரியே வாழ்க.

நீ என் நம்பரை பிளாக் பண்ணி இருபது நாளாகிறது. அதனால்தான் கவர் வாங்கி எழுதுகிறேன். இதையும் கிழித்துப் போட்டுவிடாதே.

எனக்கு நிம்மதியே இல்லை. இன்று பள்ளி திறந்தது. வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றால் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துபோகிறது. என் புது வீட்டை சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த அன்று நடந்ததுதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து ரயில் ஏறி, கூடையில் வஞ்சிரத்தோடு வந்தாய். பக்கத்து ஃபிளாட் விஜயலக்ஷ்மி மேடம், "இவங்க யாரு?" என்று கேட்டார். "மீன் கொண்டு வர்றவங்க" என்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள், உன் மகள் ஜெனிட்டாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் நான், இத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வந்தது அதுதான். மீன் வாடைக்கு அந்தம்மா மூக்கைச் சுளிப்பாரோ என்று பயம். சே, எவ்வளவு கேவலமான பயம்!

ஆகஸ்டில் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோயிலில் பீடத்துக்கு முன்னால் சாட்சியாக அவளோடு நிற்க எனக்கு இடம் உண்டா, இல்லையா? அதை மட்டுமாவது சொல்.

உன் மேகலா


பட்டினப்பாக்கம்
9.6.2025

மேகலா மேடத்துக்கு, மீன் கொண்டு வர்றவ எழுதிக்கிறது.

நான் நல்லாத்தான் கீறேன். வியாபாரமும் நல்லாத்தான் கீது. இப்போ இன்னாத்துக்கு லெட்டரு?

ஆதம்பாக்கத்துக்கு வாடகைக்குப் போனதுலேர்ந்தே நீ மாறிக்கினுதான் வந்த. முன்னெல்லாம் சனிக்கிழமை ஜெபமாலை முடிச்சிட்டு கரையில உக்காந்து சுண்டல் துன்னுவோம். அப்புறம் அது மாசத்துக்கு ஒரு தபா ஆச்சு. அப்புறம் வாட்ஸ்அப்ல வெறும் குட்மார்னிங் பூ. அதுக்கெல்லாம் நான் கோச்சிக்கல. தூரம் போனா பழக்கம் கொறையத்தான் செய்யும். ஆனா நான் யாருன்னு ஒருத்தி கேட்டா, என் பேரச் சொல்லக்கூடவா உனக்கு நாக்கு வரல? ரயில்ல வூடு வர்ற வரைக்கும் அழுதுக்கினே வந்தேன்டி.

ஜெனிட்டா கூட நிக்க என் நாத்தனாரக் கேட்டுக்கீறேன்.

மீன்காரி தேசம்மா


ஆதம்பாக்கம்
17.6.2025

அன்புத் தேசுவுக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

நேற்று விஜயலக்ஷ்மி மேடம் வீட்டுக் கதவைத் தட்டி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நேக்கு அன்னிக்கே தெரியும். மீன் கொண்டு வரவா, 'இன்னாடி இப்படி எளைச்சுட்ட'ன்னு உங்க கன்னத்தைப் பிடிச்சுண்டு கேப்பாளா? வாடை ஒண்ணும் பெரிசில்லை. நீங்க சொன்னதுதான் நன்னாயில்லை." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிறு பூசையில் பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டு சமாதானம் சொல்லச் சொன்னார்கள். கை குவியவில்லை. நற்கருணை அப்பம் வாங்கவும் எழுந்திருக்கவில்லை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில், அவருடைய தலைமைச் சீடர் இராயப்பரும் "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மூன்று முறை சொன்னவர்தான். சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். அவருக்காவது உயிர் பயம். எனக்கு ஒரு பக்கத்து வீட்டம்மாவின் மூக்குக்குப் பயம்.

நாத்தனாரே நிற்கட்டும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்காக ஜெபம் பண்ணிவிட்டு, சாப்பிடாமல் போய்விடுகிறேன். அதற்காவது விடு.

மேகலா


பட்டினப்பாக்கம்
24.6.2025

ஏய் மேகலா,

சாப்பிடாம போவியாமே? ஜெனிட்டா அத்தப் படிச்சிட்டு ஓன்னு அழுதா. கல்யாணப் பொண்ண அழ வெக்கிறதே உனக்கு வேலையாப் போச்சு.

நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. அன்னிக்கு நீ அப்படிச் சொன்னதும், "சரிங்க மேடம், வரட்டுங்களா"ன்னு கெளம்பினேனே. உன் மானத்தக் காப்பாத்தவா அப்படிச் சொன்னேன்? உன்னக் குத்தறதுக்குத்தான். நீ யாருன்னு எனக்கும் தெரியாத மாதிரிதான் நானும் நடிச்சேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியாராண்ட சொன்னேன். "மொதல்ல அவளாண்ட சொல்லு"ன்னுட்டார். அதான் சொல்றேன்.

அது சரி, இராயப்பர் கதைய ஏன் பாதியில உட்டுட்ட? பெரிய டீச்சரு! உயிர்த்து வந்த ஆண்டவர், "ஏன்டா அப்படிச் சொன்ன"ன்னு அவரப் புடிச்சி உலுக்கினாரா? காலங்காத்தால கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வெச்சி, சாப்புடக் கூப்ட்டார். அப்புறந்தான் மூணு தபா, என் மேல அன்பு கீதான்னு கேட்டார். அதுக்கப்புறம் இராயப்பரும் பழைய ஆளா இல்ல. நாமளும் பழைய மாதிரி ஆவ மாட்டோம். ஆவாட்டி இன்னா இப்போ? வேற மாதிரி இருந்துட்டுப் போவோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை இராயப்பர் திருநாள். மொத பூசைக்கு வந்துடு. முடிஞ்சதும் நம்ம வூட்டுக்கு வா, சங்கரா மீன் சுட்டு வெக்கிறேன். நாத்தனாராண்ட பேசிட்டேன், ஜெனிட்டா கூட நீதான் நிக்கிற.

எனக்கு மூணு தபாவெல்லாம் கேக்கத் தெரியாது. ஒரே தபா கேப்பேன், சாப்ட்டியான்னு.

இல்லன்னு சொல்லு.

உன் தேசு