நண்டுகளின் ஐந்தாவது பயிற்சியாளர்

ஜூன் 3, செவ்வாய்

நேற்று தோற்றோம். தோற்றோம் என்று எழுதுவதே தற்பெருமை. தோற்கவும் கொஞ்சம் ஆடியிருக்க வேண்டும். எதிரணிக்காரன் நடுக்கோட்டில் நின்று, தலை சீவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் எறிந்த பந்தும் கூடையில் விழுந்தது. எங்கள் பையன்கள் அதைப் பார்த்துக் கை தட்டாத குறைதான்.

ஆகவே இன்று மதியம், மாட்சிமை தாங்கிய நான், சாந்தா பிரிஹிதா நண்டுகள் கூடைப்பந்து அணியின் பாதி உரிமையாளன், மேற்குக் கடற்கரையின் மெத்தைச் சக்கரவர்த்தி, பயிற்சியாளரை மோஞ்சாவின் கடைக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். அலுவலகத்தில் உட்கார வைத்து ஒருவனை வேலையை விட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. கடலைப் பார்த்தபடி, துவரைச் சோறும் நண்டு வறுவலும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். சிக்கல் என்னவென்றால், இது இப்போது தீவு முழுக்கத் தெரியும். என் வண்டி கடை முன்னால் நின்றதுமே மோஞ்சா எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாரு, டோன் ஃபௌஸ்தோ?" என்றாள். பயிற்சியாளர் அழவில்லை. இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு ஒரு பொட்டலமும் கட்டச் சொன்னார்.

இரண்டு வருடத்தில் நான்காவது ஆள். ஊரில் பாதிப் பேர் என் மெத்தையில்தான் தூங்குகிறார்கள். நான் மட்டும் தூங்குவதில்லை.

ஜூன் 4

மறுபாதி உரிமையாளன், வக்கீல் அர்கேலியோ வந்தான். உட்காரவில்லை. அவன் உட்காராமல் பேசினால் மழை, புயல், வழக்கு மூன்றில் ஒன்று நிச்சயம். தலைநகர் சான் ஹுவானில் யாரோ புது அரங்கம் கட்டி, அதற்கு ஓர் அணி தேடுகிறார்களாம். "முதல் எட்டு இடத்துக்குள்ள வந்தா அணி இங்க இருக்கட்டும். வரலைன்னா அடுத்த வருஷம் நான் தூக்கிட்டுப் போறேன். எவனையாவது நல்லவனாப் பார்த்துப் போடு."

நாங்கள் இருப்பது கடைசி இடம். கடைசிக்கும் கீழே ஓர் இடம் இருந்தால் அதிலும் பெயர் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆள் கிடைக்கும்வரை பயிற்சியை இவெலீஸ் பார்த்துக்கொள்வாள். துணைப் பயிற்சியாளர். என் அக்கா மகள். போன நான்கு பேர் காலத்திலும் பயிற்சியை அவள்தான் பார்த்துக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சுதானே.

ஜூன் 5

சவரக்கடைக்காரர் தன் தம்பியைச் சொல்கிறார். பாதிரியார் தன்னையே சொல்கிறார். பல் மருத்துவர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு ஒருவன் பெயரைச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டார். முனகினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாலையே அவனை வரச் சொல்லிவிட்டார்.

ஜூன் 7, சனி

கிடைத்துவிட்டான்! ஹொராசியோ பெர்துச்சி. அர்ஜென்டினாக்காரன். கணினித் திரையில் பேசினோம். நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் முக்கி முனகி, திரும்பி வந்தபோதும் அவன் அதே வாக்கியத்தில்தான் இருந்தான். அப்படியொரு பேச்சு. பந்தைப் பற்றிப் பேசினானா, காதலைப் பற்றிப் பேசினானா, தெரியவில்லை. மூக்கு மட்டுமே ஒரு சாம்பியன் பட்டத்துக்குச் சமம்.

சாயங்காலம் அக்கா புரொவிதென்சியா தொலைபேசியில். எனக்கு அறுபது வயது, அவளுக்கு அறுபத்தாறு. இன்னும் என்னை மேல்சட்டை போடாத பையனைப் போலத்தான் அதட்டுவாள்.

"ஏண்டா, உலகம் பூரா வலை போட்டுத் தேடுறியே, உன் மருமக உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"பொண்ணுங்க யாரும் இதுவரைக்கும்…" என்று ஆரம்பித்தேன்.

"அத மத்தவன் சொல்லட்டும். நீ சொல்லாத. நீ ஏன் வேண்டாங்கிற?"

கேட்கவில்லை, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. ஏன் வேண்டாம்? ஏன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 8

வென்றோம்! இவெலீஸ் நிறுத்திய அணி. ஓய்வு நேரத்தில் அவள் சத்தமே போடவில்லை, பலகையில் நான்கு கோடு போட்டாள், அவ்வளவுதான் என்கிறார்கள். பயிற்சியாளர் தொலைந்த சந்தோஷத்தில் பையன்கள் ஆடினார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். உரக்கச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 9, திங்கள்

சரித்திரம் படைத்தேன். மைக் செட் லாரி எடுத்து, பெட்டிகளை அடுக்கி, காலையிலிருந்து ஊரைச் சுற்ற விட்டேன். தேர்தலுக்குக்கூட இவ்வளவு சத்தம் வந்ததில்லை. "வருகிறார் பெர்துச்சி! நண்டுகளின் மீட்பர்!" தேங்காய் விழுந்தது, நாய்கள் ஓடின, மருத்துவமனையில் ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. கையெழுத்து வாங்கினாயா என்று அர்கேலியோ கேட்டான். வாயால் சொல்லிவிட்டான், அர்ஜென்டினாக்காரன் வாக்கு என்றேன். இந்த ஊரில் யார் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் லாரி எடுத்திருக்கிறார்கள்? நாங்கள் கல்யாணத்துக்கே அப்படிச் செய்வதில்லை.

ஜூன் 11

பெர்துச்சி வரவில்லை.

என் லாரியை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்ப, அது தெற்குக் கரைப் பெலிகன்கள் அணிக்கும் போயிருக்கிறது. இவ்வளவு ஆரவாரம் செய்து வரவேற்கப்படும் ஆள் எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும் என்று அவர்கள் உடனே அவனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஊர் வம்பையெல்லாம் பாட்டாகக் கட்டும் கைமேளக்காரர்கள் என் கடை வாசலில் வந்து நின்று புதுப் பாட்டு பாடினார்கள். மீட்பர் வந்தார், வழி தவறி எதிரி வீட்டில் இறங்கினார் என்று போகிறது. மெட்டு நன்றாக இருந்தது, அதுதான் வலிக்கிறது. காலை ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டிக்காரன் ஒன்றும் பேசாமல் ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டான். துக்க வீட்டுக்குக் கொடுப்பதைப் போல.

ஜூன் 12

தெரியுமா எனக்கு? யாராவது சொன்னாங்களா? அணித் தலைவன் நெஃப்தாலி, ஆறே முக்கால் அடி மரம், மெத்தை வாங்க வந்தவன், கால் நீட்டிப் படுத்துப் பார்த்துக்கொண்டே போகிற போக்கில் சொல்கிறான்: "இவெலீஸ் போறது எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, டோன் ஃபௌஸ்தோ."

எங்க போறா?

மெக்சிகோவில் ஒரு பெண்கள் அணி. தலைமைப் பயிற்சியாளர் வேலை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அணியில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் பாட்டில் தூக்குகிறவனுக்குத் தெரியும். மாமன்காரனுக்குத் தெரியாது.

போகட்டுமே. நல்ல வேலை. நான் ஏன் மூன்று தரம் கடையைச் சுற்றி நடக்கிறேன்? வாடிக்கையாளர் ஒருவரை மெத்தையோடு சேர்த்து முறைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

செய்யக் கூடாத முட்டாள்தனம். அவளோடு தனியாகப் பேச வேண்டும், எங்கே பேசுவது என்று யோசிக்காமலே, கால் பழக்கத்தில், மோஞ்சா கடைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. மோஞ்சா தலையைத் தூக்கவில்லை. தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"நானே போறேன்னு சொல்ல இருந்தேன் மாமா. அதுக்குள்ள அனுப்பறீங்களா?" என்றாள்.

இல்லை இல்லை என்று பதறி, தண்ணீரைக் கொட்டி, நாற்காலியை இடித்து, ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொள்ளாததைச் சொன்னேன். இந்த வேலைக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே வருகிறவன் எல்லோரும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே போகிறான், தள்ளுகிற கை என்னுடையது. அந்நியன் என்றால் சோறு போட்டு அனுப்பிவிடுவேன். "உன்னை நான் எப்படிம்மா அனுப்புவேன்? அப்புறம் உங்கம்மா வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியோட வந்து நிப்பேன்?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாலு ஆம்பளைங்களத் தோக்க விட்டீங்க மாமா. ஒவ்வொருத்தனும் தோத்துட்டு அடுத்த ஊர்ல போய் கோச்சாத்தான் இருக்கான். என்னைத் தோக்கக்கூட விடமாட்டேங்கறீங்க. இதுக்குப் பேரு பாசமா?"

இந்தத் தீவிலேயே அதிகம் பேசுகிற வாய், நண்டை மென்றது.

"குடுத்தா முழுசாக் குடுங்க. பயிற்சிக்கு வரக் கூடாது. பெஞ்சுக்குப் பின்னால நின்னு சைகை காட்டக் கூடாது. தோத்தா மத்தவங்கள அனுப்பின மாதிரியே அனுப்புங்க, பரவாயில்ல. இல்லைன்னா நான் மெக்சிகோ."

ஜூன் 14, சனி

இவெலீஸ் பெயரைச் சொன்னதும் அர்கேலியோ நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்து சிரித்தான். லாரிக்கு அடுத்த வேடிக்கை இதுவா என்றான். மேசையைத் தட்டினேன், மேற்கோள் காட்டினேன், இல்லாத புள்ளிவிவரங்களை எல்லாம் எடுத்து வீசினேன். மசியவில்லை. கடைசியில் அவன் கேட்டதைக் கொடுத்தேன்: எட்டுக்குள் வராவிட்டால் அணியை அவன் கொண்டுபோக நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அவளுக்குத் தொலைபேசினேன். "சரி" என்றேன். அவளும் "சரி" என்றாள். அக்கா பின்னாலிருந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், என்னைத்தான்.

ஜூன் 15

இம்முறை லாரி எடுக்கவில்லை.

ஜூன் 24

சான் ஹுவான் புனிதரின் திருநாள். பீடை போக ஊரே கடலில் பின்பக்கமாக விழுந்தது. அணி முழுவதற்கும் சேர்த்து நானே விழுந்தேன். ஒரு செருப்பு போயிற்று, பீடை போனதா தெரியவில்லை.

ஜூலை 2

வென்றோம், தோற்றோம், வென்றோம், வென்றோம். நெஃப்தாலியைப் பெஞ்சில் உட்கார வைக்கிறாள்! ஊரின் செல்லப் பிள்ளையை! சைகை காட்டக் கூடாது என்பதால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். கை மரத்துவிட்டது. இடைவேளையில் பக்கத்தில் இருந்த அம்மாள்தான் காப்பியை ஊட்டிவிட்டார்.

ஜூலை 9

பயிற்சி நடக்கிற அரங்கத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன். உள்ளே போகவில்லை. சும்மா பந்துச் சத்தம் கேட்க. காவலாளி வந்து, "நகருங்க டோன் ஃபௌஸ்தோ, கோச் பார்த்தா எனக்குத்தான் திட்டு" என்றான். அவனை வேலைக்கு வைத்ததே நான்.

ஜூலை 16

வரிசையாக மூன்று தோல்வி. கைமேளக்காரர்கள் அவளுக்கும் பாட்டு கட்டிவிட்டார்கள். என்னுடையதைவிட நாகரிகமான பாட்டு. அனுப்பிவிடு என்கிறது வானொலி. அனுப்பிவிடு என்கிறார் பல் மருத்துவர். நான் மோஞ்சா கடை இருக்கும் தெருவில்கூட வண்டியை விடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்பதாவது இடம்.

கடைசி ஆட்டம், கடைசி நொடி. நெஃப்தாலி எறிந்த பந்து வளையத்தின் மேல் உட்கார்ந்து, ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வெளிப்பக்கமாக இறங்கிவிட்டது. மிகையாக எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் மிகையாக எழுதவில்லை.

கடைசி இடத்தில் கைக்கு வந்த அணியை ஒன்பதுக்குக் கொண்டுவந்தாள். ஒன்பது என்பது எட்டு இல்லை.

ஜூலை 30

அர்கேலியோவின் தாளில் கையெழுத்துப் போட்டேன். வாயால் சொன்ன வாக்கு; நான் அர்ஜென்டினாக்காரன் இல்லை.

ஆகஸ்ட் 4

இவெலீஸ் கடைக்கு வந்தாள். விற்பனைக்கு வைத்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புது ஊர்க்காரர்கள் ஆட்டங்களின் பதிவை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். அணியோடு சேர்த்து அவளும் வேண்டுமாம். பயிற்சியாளராக. அர்கேலியோவே வந்து கேட்டிருக்கிறான். அந்தச் சிரித்த அர்கேலியோ.

"ஊர்ல என்னைத் துரோகின்னுவாங்க மாமா. அணியையும் தோத்துட்டு, அவங்க கூடவே போறான்னு."

"சொல்லுவாங்க. பாட்டும் கட்டுவாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

இங்கேயே இரு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இங்கே என்ன இருக்கிறது? அணி இல்லாத அரங்கம். மெத்தை. நான்.

"என்னைக் கேக்காத. நான் உன் முதலாளி இல்ல இப்ப" என்றேன்.

"முதலாளிய யார் கேட்டா? மாமாவத்தான் கேக்கறேன்."

போ என்றேன்.

செப்டம்பர் 10

மூன்று நாளாக ரொட்டிக்காரன் எனக்குப் பழைய ரொட்டிதான் தருகிறான். அணியை விற்றவனுக்குப் புது ரொட்டி எதற்கு என்கிறான். தின்கிறேன்.

ஏப்ரல் 11, சனி

சான் ஹுவானுக்கு வண்டி ஓட்டிப் போனேன். அக்காவுக்கு முன்வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஆகக் கடைசி வரிசை. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் எறும்புகள். தேவதூதர்கள் எனக்குக் கீழே பறந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்ட ஓர் எறும்பு பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அதை எந்த உயரத்திலிருந்தும் அடையாளம் தெரியும்.

இரண்டாம் பாதியில் பின்தங்கினார்கள். பக்கத்தில் இருந்தவன், நான் பார்த்தே இராத ஒரு தடியன், எழுந்து நின்று கத்தினான்: "யோவ், அந்தப் பொம்பளையத் தூக்குங்கய்யா! யாருய்யா இதையெல்லாம் கோச்சா வச்சது?"

சுற்றிலும் நான்கைந்து பேர் ஆமாம் போட்டார்கள். தீவிலேயே அதிகம் பேசுகிற வாயைத் திறந்தேன். மூடினேன். கீழே போய் நான்கு பொட்டலம் நண்டு வறுவல் வாங்கி வந்து, சுடச்சுட, அவன் கையில் திணித்தேன்.

"எனக்கு எதுக்கு சார்?"

"தின்னுங்க, தம்பி. வாய் நிறையத் தின்னுங்க."

தின்றான். ஆட்டம் முடியும்வரை தின்றான். யார் வென்றார்கள் என்பதை நாளை செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளலாம். கடைசி ஐந்து நிமிடம் நான் அவளை மட்டும்தான் பார்த்தேன்.